இரண்டு விரல் தையல்

உல்ம் அருகே,
4 அக்டோபர் 1942

என் செல்லத் தம்பி அன்செல்முக்கு,

அக்கா ஒட்டிலி எழுதுவது. நான் உயிரோடும் வாயோடும் இருக்கிறேன். உனக்கு வயிற்றுவலி மறுபடி வந்ததா, உள்சட்டை போடுகிறாயா, இரண்டுக்கும் பதில் வேண்டும்.

உன்னை ராட்சசனில் போட்டுவிட்டார்கள் என்று படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் தொழிற்சாலைக் கூடத்தில் நாங்கள் துணி போர்த்துகிற அதே விமானம்! போன வருஷம் அதற்கு இன்ஜினே கிடையாது. மூன்று விமானங்கள் முன்னால் நின்று கயிறு கட்டி இழுத்தன, பார்க்கிறவர்களுக்கு மூச்சு நின்றது. இப்போது ஆறு இன்ஜின், பத்துச் சக்கரம். மூக்கு இரண்டு கதவாகத் திறந்து லாரியே உள்ளே போகிறது. (தணிக்கைக்காரரே, இது ஊர் முழுக்கத் தெரிந்த ரகசியம். கறுப்பு மையை வீணாக்காதீர்கள்.) பெயர்தான் ராட்சசன். உள்ளே இருப்பது இரும்புக் குழாயும் மரச் சட்டமும். மேலே நாங்கள் மெழுகு நூலால் தைக்கிற துணி. அதன்மேல் பசை வர்ணம் பூசினால் முரசு மாதிரி விறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

என் மேற்பார்வையில் நாற்பத்தெட்டுப் பெண்கள். பாதிப் பேர் கிழக்கிலிருந்து கட்டாய வேலைக்குக் கொண்டுவந்து இறக்கியவர்கள், மார்பில் 'கிழக்கு' என்ற நீலத் துண்டு தைத்தவர்கள். எல்லோர் கையிலும் ஒரு அளவுக்குச்சி: நாலு விரலுக்கு ஒரு தையல். முடித்த இடத்தில் அவரவர் எண்ணை முத்திரை குத்த வேண்டும். எல்லோரும் ஒழுங்கு, நாற்பத்துநாலு என்ற ஒருத்தியைத் தவிர. அவள் இரண்டு விரலுக்கு ஒன்று போடுகிறாள்! "நூலைத் தின்னுறியா நீ?" என்று கேட்டேன். துணிமேல் குனிந்து வாயால் 'ஃபூ' என்று ஊதிக் காட்டினாள். திமிரைப் பார். மற்றவள் மூன்று நாளில் முடிப்பதற்கு இவளுக்கு ஐந்து நாள். கூடத் தலைவர் கத்துவது என் காதில்தானே?

சாப்பிடு. வாரம் ஒரு கடிதமாவது போடு. கடவுள் உன் கூட இருக்கட்டும்.

உன் அக்கா,
ஒட்டிலி


களத் தபால்,
21 அக்டோபர் 1942

அம்மாவுக்கு அம்மாவான என் அக்காவுக்கு,

அன்செல்மின் வணக்கம். வயிறு நலம். உள்சட்டை போடுகிறேன், சத்தியமாக. உன் கால் வீக்கம் குறைந்ததா?

நான் உட்காரும் இடத்தைப் பார்த்தால் சிரிப்பாய். விமானத்துக்குள் அல்ல, இறக்கைக்குள்! இரண்டு இன்ஜின்களுக்கு நடுவே ஒரு பொந்து. அதில் நான் உட்கார்ந்து வலது பக்கத்து மூன்று இன்ஜின்களைக் கவனிக்க வேண்டும். இடது பொந்தில் லோரென்ஸ் என்று ஒரு நண்பன். தலைக்குமேல் உன் கூடத்துத் துணி. முதல் நாள் அதில் கை வைத்து, "அக்கா, ஒழுங்கா தைச்சிருக்கியா?" என்று கேட்டேன். லோரென்ஸ், "பைத்தியமாடா உனக்கு?" என்றான்.

அந்த நாற்பத்துநாலை அதிகம் விரட்டாதே. உன் குரல் எனக்குத் தெரியும். எட்டு வயதில் அதைக் கேட்டுத்தான் நான் மரத்திலிருந்து விழுந்தேன்.

உன் அன்புத் தம்பி,
அன்செல்ம்


உல்ம் அருகே,
15 நவம்பர் 1942

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். மரத்திலிருந்து விழுந்தது என் குரலால் அல்ல, பக்கத்து வீட்டு ஆப்பிளால். கால் அப்படியேதான் இருக்கிறது. வெந்நீரில் வைத்தால் ஒரு மணி நேரம் கேட்கிறது.

கூடத்தில் நெருக்கடி. மாதத்துக்கு இத்தனை விமானம் என்று மேலிடம் சொல்கிறது, நாங்கள் ஓடுகிறோம். நாற்பத்துநாலு இப்போது எங்கள் கூடத்தில் இல்லை. அவள் மேசையில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். வேலை வேகமாகத்தான் நடக்கிறது.

காய்ந்த பேரிக்காய் போட்ட கிறிஸ்துமஸ் ரொட்டிக்குப் பழம் ஊறப்போட்டிருக்கிறேன். உனக்கு அரை ரொட்டி வரும். லோரென்ஸுக்கும் ஒரு துண்டு கொடு.

அக்கா ஒட்டிலி


(கையில் கொடுத்தனுப்பியது)
9 டிசம்பர் 1942

என் அருமை அக்காவுக்கு,

நான் நலம். முதலில் அதைப் படித்துக்கொள், பிறகு மீதியைப் படி. காயம்பட்டு உல்ம் திரும்பும் ஒருவர் கையில் இதைத் தருகிறேன், தபாலில் போகக்கூடிய கடிதம் அல்ல இது. கூடவே எலுமிச்சம்பழம் ஒரு பெட்டி.

போன வாரம் கடலைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தோம். உள்ளே எழுபது பேர், எல்லோரும் காயம்பட்டுத் தூக்குப்படுக்கையில் கிடப்பவர்கள். நடுக்கடலில் இடது இறக்கையில் 'பட்'டென்று ஒரு சத்தம். இன்ஜின்களுக்குப் பின்னால், காற்றாடிக் காற்று அறைகிற இடத்தில் துணி பிய்த்துக்கொண்டது. ஒரு தையல் விட்டதும் அடுத்தது, அதற்கடுத்தது என்று ஓடி, ஒரு அறை அகலத்துக்குத் துணியே இல்லை. விமானம் இடது பக்கம் சாய்கிறது. விமானிகள் இருவரும் சேர்ந்து கைப்பிடியைத் தொங்கிப் பிடிக்கிறார்கள். லோரென்ஸ் பொந்திலிருந்து போனில் "அன்செல்ம், உன் பக்கம் எப்படிடா? உன் பக்கம் எப்படி?" என்று கத்துகிறான். என் பக்கமும் போயிருந்தால் எழுபது பேரோடு கடல்தான். நான் துணியில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அக்கா. நாற்பது நிமிடம். அதே காற்று இந்தப் பக்கமும் அடிக்கிறது. ஒரு தையல் அசையவில்லை.

இறங்கியதும் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். இடது பக்கம் நாலு விரலுக்கு ஒரு தையல். வலது பக்கம் இரண்டு விரலுக்கு ஒன்று. ஓரத்தில் முத்திரை: 44.

உன் திமிர்க்காரிதான்! அவள் ஊதிக் காட்டியது என்னவென்று புரிகிறதா? காற்றைத்தான் சொல்லியிருக்கிறாள். அவளை வேறு கூடத்துக்கு மாற்றினால் என்ன, தேடிப் பிடி. எலுமிச்சையில் பாதி அவளுக்கு. அவள் பெயர் என்ன? நான் அவளுக்கு ஒரு வரி எழுத வேண்டும்.

உயிரோடு இருக்கும் உன் தம்பி,
அன்செல்ம்


களத் தபால்,
5 ஜனவரி 1943

அக்காவுக்குப் புத்தாண்டு வாழ்த்து.

ரொட்டி வந்தது, ஆனால் உன் கடிதம் வரவில்லை. எலுமிச்சை கிடைத்ததா? நான் கேட்டது என்ன ஆயிற்று? லோரென்ஸும் தினமும் கேட்கிறான். உடம்புக்கு ஏதும் இல்லையே?

அன்செல்ம்


உல்ம் அருகே,
17 ஜனவரி 1943

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எலுமிச்சை வந்தது. தெருவே வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. பாதிரியார் ஒன்று வாங்கிக்கொண்டார். பனி முழங்காலளவு கிடக்கிறது. கோழி ஒன்று செத்துவிட்டது, நோய் என்றுதான் நினைக்கிறேன், வயசும் ஆகிவிட்டது. எதிர்வீட்டு மகள் கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது, மாப்பிள்ளைக்கு விடுப்பு இல்லை. கூடத்தில் அடுப்பு ஒழுங்காக எரிவதில்லை, விரல் மரத்துப் போகிறது.

நீ கேட்டவள் விடுமுறையில் போயிருக்கிறாள். வந்ததும் சொல்கிறேன்.

நீ பிழைத்ததற்குத் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஒன்று போதவில்லை, ஏழு ஏற்றினேன்.

அக்கா ஒட்டிலி


(லோரென்ஸ் கையில்)
3 பிப்ரவரி 1943

அக்கா,

நலம். நலமென்று நினைக்கிறேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாயே. கிழக்கிலிருந்து கொண்டுவந்தவர்களுக்கு விடுமுறை ஏது? எனக்கு இது தெரியாதா? செத்த கோழிக்கும் தள்ளிப்போன கல்யாணத்துக்கும் மூன்று வரி எழுதியிருக்கிறாய், அவளுக்கு ஒரு வரி. நீ இருபது வருஷமாக என்னை வளர்த்தவள். நீ என்னிடம் பொய் சொன்னதில்லை, அதனால் உனக்கு அது சரியாக வரவும் இல்லை.

என்ன செய்தாய்?

லோரென்ஸ் விடுப்பில் ஊருக்கு வருகிறான். இதோடு ஒரு தாள் இருக்கிறது. அன்று நடந்ததை அப்படியே எழுதி, விமானியும் லோரென்ஸும் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நாலு விரல், இரண்டு விரல், முத்திரை எண், எல்லாம் அதில் இருக்கிறது. அவளுக்கு உதவுமென்றால் பயன்படுத்து. லோரென்ஸ் திரும்பும்போது பதில் வேண்டும்.

அன்செல்ம்


(லோரென்ஸ் கையில்)
28 பிப்ரவரி 1943

தம்பி,

உட்கார்ந்து படி.

அவளை மேலிடத்தில் சொன்னது நான்தான். நவம்பரில் கூடத் தலைவர், "ஏன் இறக்கை லேட்டாகுது? பேரு குடு" என்று மேசையைத் தட்டினார். நான் கொடுத்தேன். 'எண் 44 அளவுக்குச்சியை மதிப்பதில்லை, நூலை வீணாக்கி வேலையைத் தாமதப்படுத்துகிறாள்' என்று என் கையால் எழுதினேன். திட்டுவார்கள், ரொட்டியைக் குறைப்பார்கள் என்று நினைத்தேன். மறுநாள் ரகசியப் போலீஸ்காரர் இருவர் வந்து கூட்டிப்போனார்கள். நாசவேலையாம். எட்டு வாரத் தண்டனை முகாம். எட்டு வாரம் முடிந்தும் திரும்பவில்லை. அங்கிருந்து பெரிய முகாமுக்கு மாற்றப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி நான் பார்த்ததில்லை.

இன்னும் இருக்கிறது. ஆகஸ்டிலேயே விமானத்தை வடிவமைக்கிற வரைபட அறையிலிருந்து ஒரு தாள் வந்தது. 'இன்ஜின் காற்று அடிக்கும் இடங்களில் இனி இரண்டு விரலுக்கு ஒரு தையல்.' எங்கள் குச்சிகளெல்லாம் இன்ஜின் இல்லாத காலத்தில் வெட்டியவை, நாலு விரல் அதற்குத்தான் சரி. குச்சியை மாற்றினால் ஒவ்வொரு இறக்கைக்கும் இரண்டு நாள் கூடும். அன்றும் ஒரே கத்தல். அடுத்த இறக்கையிலிருந்து பார்க்கலாம் என்று தாளை ஏப்ரன் பையில் வைத்தேன். அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது. பிறகு இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயம். அந்தத் தாளை அவள் கண்ணால் பார்த்ததில்லை. துணியைத் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறாள். லோரென்ஸ் பக்கத்து இறக்கை என் குச்சியால் தைத்தது, அன்செல்ம். உன்னைக் கொல்லப் பார்த்தது நான். காப்பாற்றியவளை முகாமுக்கு அனுப்பியதும் நான். உன் டிசம்பர் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்காமல் இருந்து என்ன பிரயோஜனம், ஒரு அடி எடுத்து வைக்கத் தைரியம் இல்லாமல் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

லோரென்ஸ் உன் தாளைக் கொடுத்த மறுநாளே தலைமைச் சோதனையாளரிடம் போனேன். உன் தாள், வரைபட அறைத் தாள், இரண்டையும் மேசையில் வைத்தேன். படித்தார். இரண்டையும் என் பக்கம் தள்ளினார்.

"ஒட்டிலி, இதை நான் பாக்கலைன்னு வெச்சுக்கறேன். எடுத்துட்டுப் போயிடு."

"பாத்துட்டீங்களே ஐயா."

"ஒரு கிழக்குப் பொண்ணுக்காகவா உன் தலையைக் குடுக்கறே?"

"என் தம்பி அவ தைச்ச இறக்கைல உக்காந்து வந்தான். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

"வேலை போயிடும். வழக்குகூட வரும்."

"வரட்டுங்க. ஆனா வரைபட அறைத் தாளோட மூலைல பாருங்க. பாத்தேன்னு உங்க கையெழுத்தும் இருக்கு. நாளைக்கு இன்னொரு விமானம் கிழிஞ்சா, ரெண்டு பேரையும்தான் கேப்பாங்க."

தாளின் மூலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். நல்ல மனசால் அல்ல, பயத்தால்தான். எதனால் என்றால் என்ன, எடுத்தாரே, அது போதும்.

இரண்டு நாளில் புதுக் குச்சிகள் வந்துவிட்டன. 'நாசவேலை அல்ல, மேற்பார்வையாளரின் கவனக்குறைவு' என்று இரண்டாவது தாள் ஒன்று எழுதிப் புகாரோடு சேர்த்தார்கள். என் மேற்பார்வை போயிற்று. இப்போது நானும் மேசையில் உட்கார்ந்து தைக்கிறேன், முத்திரை எண் 49. வழக்கு இல்லை, வேலைக்கு ஆள் குறைவாக இருப்பதால் தப்பித்தேன்.

போன சனிக்கிழமை அவளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். தலை மொட்டை. கை வீங்கி ஊசி பிடிக்க வரவில்லை. அவள் மேசைக்குப் பக்கத்து மேசை எனக்கு. பெயர் மோத்ரியா. இத்தனை மாதம் என் கீழே வேலை செய்தவள், பெயரைப் போன சனிக்கிழமைதான் கேட்டேன்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஒட்டிலி


(கையில் கொடுத்தனுப்பியது)
20 மார்ச் 1943

என் அக்காவுக்கு,

நான் நலம். இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். கடுங்கோபம். மூன்றாம் நாள் இறக்கைக்குள் உட்கார்ந்திருந்தபோது, வேலை போனாலும் போகட்டும் என்று நீ மேசையில் அந்தத் தாளை வைத்ததை நினைத்துப் பார்த்தேன். கோபம் போய்விட்டது. திட்ட மாட்டேன், போ. புதிதாக வரும் விமானங்களில் தையல் நெருக்கமாக இருக்கிறது. லோரென்ஸ் தடவித் தடவிப் பார்த்து, "உங்க அக்கா வாழ்க" என்கிறான்.

உள்ளே இருப்பது அவளுக்கு. நீயே படித்துக் காட்டு.

அன்செல்ம்


(உள்ளே இருந்தது)

மோத்ரியா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் தைத்த இறக்கைக்குள் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தவன் நான். அன்று உள்ளே இருந்த எழுபது பேரும் கரை சேர்ந்தோம். அதில் ஒருவருக்கு ஜனவரியில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. யாரும் உங்களிடம் கேட்காமலே நீங்கள் நன்றாகத் தைத்தீர்கள், அதற்காகவே உங்களைத் தண்டித்தார்கள். நான் வாழும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு நன்றியுள்ளவன்.

அன்செல்ம் மெர்க்லே, விமான மெக்கானிக்


உல்ம் அருகே,
2 மே 1943

என் கண்ணான தம்பிக்கு,

ஆப்பிள் மரம் பூத்துவிட்டது. கால் வீக்கம் குறைந்திருக்கிறது, மேற்பார்வை என்று நாளெல்லாம் நின்றதுதான் காரணம் போல. (இதைத் தபாலில் போடவில்லை. விடுப்பு முடிந்து திரும்பும் ஒருவர் கையில் தருகிறேன்.)

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகப் படித்துக் காட்டினேன். முடித்ததும், "இன்னொரு தடவ படிங்க" என்றாள். படித்தேன். பிறகு சொன்னாள்:

"நான் உங்க தம்பிக்காகத் தைக்கல."

"தெரியும்மா" என்றேன்.

"மோசமா தைக்கணும்னுதான் தினமும் வந்து உக்காருவேன். கை கேக்காது. அப்புறம் அழுவேன்." ரொட்டியைப் பிய்த்தபடியே கேட்டாள்: "அந்தப் பொண்ணு, ஜனவரில பொறந்தது. அதுக்குப் பேரு வெச்சாச்சா?"

எனக்குத் தெரியவில்லை, கேட்டு எழுது. கடிதத்தை வாங்கி நாலாக மடித்துப் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டாள். மன்னிப்பு நான் கேட்டேன். அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் நான் வீட்டிலிருந்து கொண்டுபோகிற உருளைக்கிழங்கை இப்போது வாங்கிக்கொள்கிறாள். நேற்று என் தையலைப் பார்த்து, "இது என்ன, கோழி கெளறின மாதிரி?" என்றாள். தம்பி, அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பும் அழுகையும்.

அக்கா


(பால்வண்டிக்காரர் கையில்)
உல்ம், முகாம்
11 ஜூலை 1945

அன்புள்ள ஒட்டிலி அக்காவுக்கு,

மோத்ரியா எழுதுகிறேன். பள்ளியில் படித்த ஜெர்மன், பிழை பொறுக்கவும். உடம்பு தேறிவிட்டது. முடி தோள்வரை வந்துவிட்டது. அன்செல்ம் போர்க்கைதி முகாமில் உயிரோடு இருக்கிறார் என்று பால்வண்டிக்காரர் சொன்னார். அதை இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம்.

போர் முடிந்ததிலிருந்து நாங்கள் ஊருக்குப் போகக் காத்திருக்கிறோம். எங்கள் நாட்டு அதிகாரிகள் வந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். நேற்று என் முறை.

"எங்க வேலை பாத்தே?"

"விமானக் கூடத்துல."

"எதிரிக்கு விமானம் செஞ்சு குடுத்தியா? என்ன வேலை?"

"துணி தைக்கற வேலைங்க."

"எப்படித் தைச்சே?"

எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் வேண்டுமென்றே தாறுமாறாகத் தைத்தோம் என்றுதான் சொன்னார்கள். பலருக்கு அது உண்மை. ஆனால் யார் கையிலும் சாட்சி இல்லை, எழுதிக்கொள்பவர் நம்பவும் இல்லை. நான் சொன்னேன்: "நூலை வீணாக்கினேன். வேலையை லேட்டாக்கினேன். அதுக்காக என்னை நாசவேலைன்னு தண்டனை முகாமுக்கு அனுப்பினாங்க." அவர் பெட்டியிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். கூடத்து அலுவலகத்தில் எடுத்தவையாம். உங்கள் புகார் அதில் இருந்தது, அக்கா. உங்கள் கையெழுத்தோடு. சரி செய்து எழுதிய இரண்டாவது தாள் இல்லை, அது எங்கே போனதோ. அதிகாரி எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார். என்னை நேராக ஊருக்கு அனுப்புகிறார்கள். மற்றவர்கள் எங்கே போவார்கள் என்று தெரியவில்லை.

என்னை அழிக்க நீங்கள் எழுதியது இன்று என்னைக் காப்பாற்றிவிட்டது. அன்று நீங்கள் கேட்ட மன்னிப்புக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: எப்போதோ மன்னித்துவிட்டேன், சொல்லத்தான் வாய் வரவில்லை. நீங்கள் கொடுத்த உருளைக்கிழங்கு இல்லாவிட்டால் அந்தக் கடைசிக் குளிர்காலத்தை நான் தாண்டியிருக்க மாட்டேன்.

நாளை மூட்டை முடிச்சுகளைச் சோதிப்பார்கள். அன்செல்மின் கடிதம் என்னிடம் இருந்தால் நான் தொலைந்தேன். நன்றாகத் தைத்தீர்கள் என்று அதில் இருக்கிறது. மூன்று தடவை அடுப்பருகே கொண்டுபோனேன். எரிக்கக் கை வரவில்லை. இத்துடன் அனுப்புகிறேன், பத்திரமாக வையுங்கள்.

எனக்கு இனி எழுத வேண்டாம். நன்றி என்ற சொல்லைப் போட்டு எழுதவே வேண்டாம். யாராவது வந்து என்னைப் பற்றி விசாரித்தால், "அவளா, படுமோசமா தைப்பா" என்று உங்கள் பழைய குரலில் சொல்லுங்கள்.

அங்கே ஊரில் என்னைக் கேட்டாலும் நான் அதையேதான் சொல்லப் போகிறேன், சாகும்வரை.

நன்றியுடன்,
உங்கள் தங்கை
மோத்ரியா